வாங்க தவசி

திருப்பூர் மண்ணரையில் வீடு இல்லை என்று சொன்னதை, வீடு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மறுநாளே தகரப் பெட்டியும் பொண்டாட்டியுமாகப் போய் இறங்கியவன் தவசி. அவனைக் குறை சொல்லவும் முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் இல்லை என்றால் இல்லை என்பார்கள். கொஞ்சம் கோபக்காரராக இருந்தால் 'போய்யா அங்கிட்டு' என்பார்கள். இங்கே அந்த வீட்டுக்கார அம்மாள், "அதுக்கென்னுங்க, பாக்கலாமுங்க. நீங்க போயிட்டு சாவகாசமா வாங்க" என்று முகம் மலரச் சொல்லி, குடிக்க மோரும் கொடுத்து அனுப்பியிருந்தார். மோர் கொடுத்த வீட்டில் இடம் இல்லை என்று எந்தத் தெக்கத்தியான் நினைப்பான்? பெட்டியோடு வந்து நின்றவனைப் பார்த்து அந்த அம்மாள் திகைத்துப் போனார்.

"ஏனுங்க, நாந்தான் நேத்தே இல்லீன்னு சொல்லிப்போட்டனுங்களே" என்றார், அதையும் மரியாதையாகவே.

எப்போது சொன்னார் என்று தவசி யோசித்து யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை. வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒச்சாயியைப் பார்த்து கடைசியில் அந்த அம்மாளுக்கே மனசு இளகி, வரிசை வீட்டில் கடைக்கோடி அறையைத் திறந்துவிட்டார். அது எண்பத்து நாலாம் வருஷம். மழை தண்ணி இல்லாமல் தெற்கே காடு காய்ந்து, சனம் மூட்டை முடிச்சோடு திருப்பூர் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். எல்லோரும் பேசியது தமிழ்தான். ஆனாலும் ஒரு தமிழுக்கு இன்னொரு தமிழ் விளங்குவதற்குக் கொஞ்சம் அடிபட வேண்டியிருந்தது.

ஒச்சாயி பக்கத்துத் தெருப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் பிரிசல் பார்த்துத் தள்ளுகிற வேலை. தவசிக்குத் தங்கவேலுவின் கம்பெனியில் துணி உருளை தூக்குகிற வேலை கிடைத்தது. தங்கவேலு அப்போது பெரிய முதலாளி எல்லாம் இல்லை. ஓட்டுக் கொட்டகையில் சில மிஷின்களைப் போட்டுக்கொண்டு, தானே பனியனை மடித்துத் தானே பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாசல்பக்கம் துணி இறக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்தார். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, காலில் செம்மண். நேராக உள்ளே நுழைந்தார். தவசி உருளையைத் தோளில் வைத்தபடியே கேட்டான்.

"யாருய்யா நீ? என்ன வேணும்?"

சத்தியமாக அவன் அதட்டவில்லை. அவன் ஊரில் அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். வந்த ஆளை யாரென்று கேட்காமல் விடுவதுதான் அங்கே மரியாதைக் குறைச்சல். ஆனால் இங்கே கொட்டகைக்குள் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள். பெரியவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஒண்ணும் வேண்டாமுங்க தம்பி. சும்மாதான் வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

அவர் சாமியப்பன், தங்கவேலுவின் அப்பா. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருந்த தோட்டத்தை அடமானம் வைத்து மகனுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தவர். தங்கவேலு ஓடிப்போய் வழிமறித்துக் கூப்பிட்டும் நிற்கவில்லை. அதன்பிறகு வெகுநாள் கம்பெனிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

தங்கவேலு திரும்பி வந்து, "எங்கப்பனை வாங்கன்னு கேக்காம, ஆருன்னு கேட்டுப்போட்டீங்களே தவசி" என்றார். இரண்டு அறை விட்டிருந்தால் தவசிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கொங்கு நாட்டில் வாசலேறி வந்தவரை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். அப்பா கேட்டுவிட்டார், மகன் சும்மா இருக்கலாம் என்கிற சலுகை எல்லாம் கிடையாது. அடுப்படியில் இருப்பவர் கரண்டியோடாவது எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். வந்தவரும் 'வந்தேனுங்க' என்று சொல்ல வேண்டும். சீர் செய்து கட்டிக் கொடுத்த சம்பந்தங்கள் 'என்னை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை' என்பதில் முறிந்துபோயிருக்கின்றன. கூடப் பிறந்தவர்கள் சாகிறவரைக்கும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஒருநாள் நம்மைக் கேட்காமல் விட்டால் தெரியும்.

தவசிக்கு அது உறைத்தது. வயசான மனுஷனை அவர் மகன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம் என்பது அவனைச் சோறு தின்ன விடவில்லை. அன்றிலிருந்து டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், கல்யாண மண்டபத்து வாசலில் இந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். சும்மா வாயால் சொன்னால் ஆகாது என்று கண்டுகொண்டான். உட்கார்ந்திருந்தால் எழ வேண்டும். துண்டு தோளிலிருந்து கைக்கு வர வேண்டும். கண் வந்தவருடைய கண்ணில் நிற்க வேண்டும். அதன்பிறகு, "ஊட்ல அல்லாரும் நல்லாருக்காங்களா, உங்க பக்கம் மழை உண்டுங்களா" என்று இழுக்க வேண்டும். வேலைக்கு நடந்து போகும்போது வேப்பமரத்தைப் பார்த்தும் மின்கம்பத்தைப் பார்த்தும் 'வாங்க' சொல்லிப் பழகினான். பின்னால் வந்த ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கரண்டு கம்பத்தயா கூப்புடுற? அது வந்துருச்சுன்னா சோறு ஆரு போடுறது?"

ஒச்சாயி மாறவில்லை. "எங்க ஆத்தா குடுத்த வாயி இது. இதுக்கு மேல சட்டை போட்டு விட முடியாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். செக்கிங் டேபிளில் சூப்பர்வைசரையே 'ஏப்பா, இங்கிட்டு வா' என்றுதான் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் முறைத்தார்கள். அப்புறம் அது ஒச்சாயி என்று விட்டுவிட்டார்கள்.

தங்கவேலு வளர்ந்தார். தொண்ணூறு வாக்கில் நெருப்பெரிச்சல் தோட்டத்திலேயே பெரிய கட்டடம் கட்டி, உள்ளூர்ப் பனியனை விட்டு எக்ஸ்போர்ட்டுக்கு மாறினார். சாமியப்பனும் அவர் மனைவி நஞ்சம்மாளும் குடியிருந்த பழைய ஓட்டுவீடு அதே தோட்டத்தில் கம்பெனிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ரோட்டிலிருந்து கம்பெனிக்கும் வீட்டுக்கும் ஒரே கேட். அந்தக் கேட்டில் யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது தங்கவேலு யோசிக்கவே இல்லை. தவசியைப் போட்டார். அந்த வட்டாரத்தில் தவசி மாதிரி 'வாங்க' கேட்கிற ஆள் உள்ளூர்க்காரர்களிலேயே அப்போது குறைவு.

கேட்டுக்கு வந்த பிறகு அவன் நாக்குக்கு இறக்கை முளைத்துவிட்டது. உள்ளூர்ச் சாயப்பட்டறைக்காரர் வந்தால், "வாங்க, வாங்க, ஏனுங்க இத்தனை நாளா இந்தப் பக்கமே காணோமுங்க" என்பான். தெற்கிலிருந்து வேலை தேடி மஞ்சப்பையோடு வருகிறவனிடம், "வாப்பா, எந்தூரு? கஞ்சி குடிச்சியா?" என்பான். பாலக்காட்டு லாரி டிரைவருக்கு, "வரூ சேட்டா, இரிக்கூ." டெல்லி ஏஜெண்டு காரிலிருந்து இறங்கினால், "ஆயியே ஜி, பைட்டியே." சரக்கு வாங்க வெள்ளைக்காரர் வந்தால் நெஞ்சில் கைவைத்து "வெல்கம் சார்." யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்து வைப்பான். கம்பெனியில் அவனுக்குப் பெயரே 'வாங்க தவசி' ஆகிவிட்டது.

சாமியப்பன் மறுபடி வந்தது அந்தக் கேட்டுக்குத்தான். அவருடைய தோட்டம், அவருடைய மகனின் கம்பெனி. ஆனால் உள்ளே புதிதாக வந்த ஆபீஸ் பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஃபைலும் கையுமாக அவரைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். ஒருத்தன் 'பெருசு, சித்தெ தள்ளி நில்லுங்க' என்றும் சொல்லிவிட்டான். அவர் திரும்பி நடந்து கேட்டுக்கு வந்தபோது தவசி எழுந்து, துண்டைக் கையில் எடுத்து, அவர் கண்ணைப் பார்த்து, "வாங்கய்யா" என்றான்.

சாமியப்பன் அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பழைய கணக்கு அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"வந்தேனுங்க" என்றார். தவசி நகர்த்திப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம் தினமும் வந்தார். வீட்டிலிருந்து கேட்டுக்கு நடந்தால் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் வெளியூர் போகிறவர் மாதிரி வெளுத்த துண்டு போட்டுக்கொண்டுதான் வருவார். தவசி எழுந்து 'வாங்கய்யா' என்பான், அவர் 'வந்தேனுங்க' என்பார். மதியம் சோற்றுக்குக் கிளம்பும்போது 'போயிட்டு வந்தர்றேன் தவசி' என்பார், அவன் 'வாங்கய்யா' என்பான். ஒருநாளாவது இது தவறியது கிடையாது. இடையில் இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. டெல்லி ஏஜெண்டு வந்து போனால் மட்டும் பெரியவருக்கு உற்சாகம் வந்துவிடும். "அதை இன்னொருக்கா சொல்லுங்க பாக்கலாம்" என்பார். தவசி 'ஆயியே ஜி' என்பான். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ஒருமுறை தானே ஒரு ஏஜெண்டைப் பார்த்து, "ஆயியே ஜிங்க" என்று கேட்டும் விட்டார். ஏஜெண்டு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கதையை நஞ்சம்மாளிடம் போய் எத்தனை தடவை சொன்னாரோ, அவருக்கே தெரியாது.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. தவசிக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. அதைத் தூண்டிவிட்டவர்கள் இரண்டு பேர்.

முதலாவது அவனுடைய அண்ணன் பெரியகருப்பன். ஊரிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தவன், மண்ணரை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தவசி எழுந்து, "வாங்கண்ணே, உக்காருங்க. ஊட்ல அல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. பெரியகருப்பன் உட்காரவே இல்லை.

"ஏன்டா, நான் என்ன உன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்தவனா? அண்ணன வேத்தாளு மாதிரி கூப்புடுற."

தவசி அதற்குமேல் 'வாண்ணே, உக்காருண்ணே' என்று எவ்வளவு சொல்லியும், அது நடிப்பாகத்தான் பட்டது. பெரியகருப்பன் பேருக்கு நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினான். ஊரில் போய், தம்பி கோயமுத்தூரான் ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவது ஒச்சாயி. தங்கவேலுவின் மகள் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வரவேற்க நிறுத்தப்பட்டவர்களில் தவசியும் ஒருவன். விடிவதற்கு முன்பே போய் நின்று, பந்தி முடிகிறவரைக்கும் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்தான். ஒச்சாயியும் புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். ஒரு ஓரமாக நின்று, ஒரு ஓரமாகச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஊரு சனம் பூராத்தையும் வாங்க வாங்கன்னு கூப்புட்டியே. உன்னய ஒருத்தராச்சும் வாங்கன்னு கேட்டாகளா?"

"நான் எல்லாருக்கும் முந்திப் போயி நின்னுட்டேன். எப்படிக் கேப்பாங்க?"

"அது சரி" என்றாள் ஒச்சாயி, சேலையை மடித்துக்கொண்டே. "இத்தனை வருசமா நீ முந்திப் போயித்தான் நிக்குற."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அது தவசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதான். இந்த ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அவன் வந்தவனாகப் போனதே இல்லை. எப்போதும் நிற்பவனாகவே போயிருக்கிறான். யாரும் அவனை இழிவாக நடத்தவில்லை, எல்லாரும் அவனுக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினார்கள். ஆனாலும் ஒரு வீட்டு வாசலில் அவன் ஏறும்போது அந்த வீட்டுக்காரர் எழுந்து, அவன் கண்ணைப் பார்த்து, 'வாங்க தவசி' என்று கேட்டதில்லை. பட்டப்பெயராகக் கேட்டிருக்கிறான், வரவேற்பாகக் கேட்டதில்லை. சொந்த ஊரில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்த ஊராவது ஒரு தடவை உள்ளே கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

தொண்ணூற்று ஆறாம் வருஷம் சித்திரையில் சாமியப்பனுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினார்கள். நஞ்சம்மாளும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கேட்டில் வண்டி மெதுவானபோது பெரியவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"போயிட்டு வந்தர்றேன் தவசி."

"வாங்கய்யா" என்றான் தவசி.

அவர் உயிரோடு வரவில்லை. நாலாம் நாள் காலையில் சேதி வந்தது. பந்தல் போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள். ஒறம்பரைகள் என்று இங்கே சொல்கிற சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். தவசியைக் கேட்டிலேயே நிற்கச் சொன்னார்கள். எழவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று கேட்கக் கூடாது, போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. இந்த விஷயத்தில் உசிலம்பட்டிக்கும் திருப்பூருக்கும் வித்தியாசம் கிடையாது. கேட்டால் இன்னொரு சாவைக் கூப்பிட்டது மாதிரி. தவசிக்கு அது தெரியாதா? காலையிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கையை மட்டும் கூப்பிக்கொண்டிருந்தான். தெரிந்த முகமாக வரும்போது தொண்டை வரைக்கும் வந்துவிடும், விழுங்கிவிடுவான்.

மதியத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வண்டி வந்து கேட்டில் நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். பெரியவர் படுத்திருந்தார். தலைமாட்டில் நஞ்சம்மாள். மேலே போர்த்தியிருந்தது, அவர் தினமும் கேட்டுக்குப் போட்டுக்கொண்டு வருகிற வெளுத்த துண்டு. தவசியின் கால்கள் தாமாகவே சேர்ந்து நின்றன. தோளிலிருந்த துண்டு கைக்கு வந்தது.

"வாங்கய்யா" என்றான். "வந்துட்டீங்களா."

வருஷக்கணக்கில் பழகிய குரல். பந்தல் கடைசி வரைக்கும் கேட்டது. அழுகைகூட ஒரு கணம் நின்றுபோயிற்று. வண்டிக்குப் பின்னால் காரில் வந்து இறங்கிய சம்பந்தக்காரர்களைத்தான் அவன் கேட்டான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பங்காளிகளில் மூத்தவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"எழவூட்டுல வாங்கன்னு கேக்கறான் பாரு. இன்னும் எத்தன பேரைக் கொண்டுபோகோணும்னு நிக்கறான் இவன்?"

திருப்பூருக்கு வந்த அத்தனை வருஷத்தில் தவசியை ஒருவர் மரியாதை இல்லாமல் பேசியது அன்றுதான். தங்கவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழுது வீங்கிய முகம்.

"தவசி, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார். "அப்புறம் பாத்துக்கலாமுங்க."

மோர் கொடுத்த வீட்டுக்கார அம்மாள் சொன்ன 'பாக்கலாமுங்க' தவசிக்கு ஞாபகம் வந்தது. இப்போது அதற்குப் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவன் இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தான்.

ஒச்சாயி வேலை முடிந்து வருவதற்குள் சேதி மண்ணரைக்கு வந்துவிட்டது. வந்தவள் கையிலிருந்த சோத்துத் தூக்கைக்கூட இறக்கி வைக்காமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன காரியஞ் செஞ்ச? ஆரைக் கேட்ட?"

"அவரைத்தான் கேட்டேன்."

"செத்தவரையா?"

"போயிட்டு வந்தர்றேன்னு சொல்லிட்டுத்தான போனாரு" என்றான் தவசி.

ஒச்சாயி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தின்னவில்லை.

கம்பெனிக் கேட்டில் வேறு ஆளைப் போடப்போவதாகச் சொன்னார்கள். பங்காளி ஒருவருடைய மாடு காம்பு வீங்கிப் படுத்ததற்குக்கூட தவசியின் வாய்தான் காரணம் என்று பேச்சு. தவசி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அதைவிடக் கொடுமை, வாயைத் திறக்கவே பயந்தான். பக்கத்து அறைக்காரர் கதவோரம் வந்து நின்றால் இவன் திருதிருவென்று விழிப்பான். எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்தவனுக்கு, வந்தவனை வா என்று சொல்வதா வேண்டாமா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"ஊருக்குப் போயிருவோம்" என்றாள் ஒச்சாயி.

"அங்கிட்டுப் போயி?" என்றான். "நான் பேசுறதக் கேட்டு அங்கயும் சிரிப்பாக."

அப்படி ஒரு சாயங்காலம் வாசலில் மொபெட் ஒன்று வந்து நின்றது. மொட்டைத் தலையோடு தங்கவேலு இறங்கினார். அவர் இந்த வரிசை வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தவசி துள்ளி எழுந்தான். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. துக்கக்காரரை வாங்க என்று கேட்கலாமா கூடாதா? துண்டு தோளிலும் இல்லாமல் கையிலும் இல்லாமல் தொங்கியது. முதலாளி வாசலிலேயே நின்றார்.

அடுப்படியிலிருந்து ஒச்சாயி எட்டிப் பார்த்தாள்.

"வாய்யா. ஏன் வெளிய நிக்குற? வந்து உக்காரு."

தங்கவேலுவை அவர் அம்மாவைத் தவிர அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் உள்ளே வந்தார். உட்கார வேறொன்றும் இல்லாததால் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கருமாதிங்க தவசி. அம்மா உங்களை வரச் சொன்னாங்க."

"எங்க? கேட்டுக்கா, வீட்டுக்கா?" என்றாள் ஒச்சாயி. சுற்றி வளைத்துக் கேட்டெல்லாம் அவளுக்குப் பழக்கம் இல்லை.

"ஊட்டுக்குத்தானுங்க" என்றார் தங்கவேலு. "ரண்டு பேரும் வரோணும்."

கருமாதியன்று தவசியும் ஒச்சாயியும் போனபோது சடங்கெல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வாசலில் 'வாங்க' என்கிற வார்த்தை மறுபடி புழங்கும். யார் முதலில் ஆரம்பிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒறம்பரைகள் முற்றத்தில் நின்றார்கள். தவசி படியேறவில்லை. கேட்டைத் தாண்டி வந்ததே பெரிசு என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். மூத்த பங்காளி அவனைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

ஆசாரம் என்று அவர்கள் சொல்கிற முன்கூடத்தில், பாயில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் நஞ்சம்மாள். புருஷன் போன நாளிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

"தவசி வந்துட்டாருங்களா?" என்று கேட்டார்.

வெளியே நிற்கிறார் என்றார்கள். நஞ்சம்மாள் எழுந்தார். தாலி இறங்கி ஒரு மாசம்கூட ஆகாதவர் முதல் ஆளாக வாசலுக்கு வரக்கூடாது என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, நிலைப்படியைப் பிடித்தபடி வந்து நின்றார். மரத்தடியில் தேடி அவன் கண்ணைப் பார்த்தார்.

"வாங்க தவசி" என்றார்.

தவசி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"அங்கியே ஏன் நிக்கறீங்க. உள்ள வாங்க." பிறகு பங்காளிகள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு வண்டி வந்து நின்னப்ப அல்லாரும் அழுதீங்க. நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன், பாத்துட்டுத்தான் இருந்தேன். அவரை வாங்கன்னு கேட்டது இந்த ஒருத்தருதானுங்க. போயிட்டு வந்தர்றேன்னு இவருகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனாரு. வந்தவரை ஒரு வார்த்தை கேக்காம உட்டிருந்தா, அவரு குணத்துக்குக் கோவிச்சுக்கிட்டே போயிருப்பாருங்க."

சாமியப்பனின் குணம் அங்கே எல்லாருக்கும் தெரியும். மூத்த பங்காளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தவசி செருப்பைக் கழற்றினான். இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷமாகப் பிறர் வாயில் கேட்டு, நாக்கில் தயாராக வைத்திருந்த பதில். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"வந்துட்டேன்த்தா" என்றான். அதற்குமேல் முடியவில்லை. படியிலேயே நின்று, மரியாதை கிரியாதை ஒன்றும் பார்க்காமல், உசிலம்பட்டிக்காரன் மாதிரி வாய்விட்டு அழுதான்.

யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நஞ்சம்மாள் அவன் பின்னால் நின்றவளைப் பார்த்து, "ஒச்சாயி, நீங்களும் வாங்க" என்றார். "வந்துட்டேன்" என்றாள் ஒச்சாயி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. அப்புறம்தான் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் வாங்க வாங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். தங்கவேலு தவசியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார்.

கேட்டில் அன்றைக்கு ஆள் இல்லை. வந்தவர்கள் தாங்களே திறந்துகொண்டு வந்தார்கள்.